நாற்பது கிராமும் பத்தொன்பது மாதமும்

2022 மே மாதம். மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், பையன்களுக்குக் கையில் வேலை இருக்காது. அப்படி ஒரு சாயங்காலம், ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே என் தம்பியைப் பிடித்தார்கள். சட்டைப் பையில் பொட்டலம், 40 கிராம் கஞ்சா. அவனுக்கு அப்போது 22 வயது.

அந்த வழக்கு முடிய பத்தொன்பது மாதம் ஆனது. எங்களைப் போலவே முழித்துக்கொண்டிருக்கும் குடும்பம் ஒன்றுக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.

ஸ்டேஷனுக்கு நானும் அம்மாவும் போனபோது ஏட்டையா கேட்ட முதல் கேள்வி, "எந்தப் படகுக்கு ஏத்த வெச்சிருந்தான்?" என்பதுதான். அவரை முழுசாகக் குறை சொல்ல முடியாது. இந்தக் கரையில் கஞ்சா வழக்கு என்றாலே மூட்டை மூட்டையாக இலங்கைக்குப் போகிற சரக்குதான். தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அந்த மூட்டைகளுக்கு நடுவே என் தம்பியின் 40 கிராம் யார் கண்ணிலும் படவில்லை. அவன் கடத்தவில்லை, குடித்தான். இரண்டுக்கும் சட்டத்திலேயே வித்தியாசம் உண்டு என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

வித்தியாசம் இதுதான். 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2001-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, எடையைப் பொறுத்துத் தண்டனையைப் பிரித்தார்கள். கஞ்சாவில் ஒரு கிலோ வரை "சிறு அளவு": அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் "வணிக அளவு". அதற்குக் குறைந்தது பத்தாண்டு, ஜாமீன் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. எஃப்ஐஆர் நகல் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எடை. நாங்கள் பார்க்கவே இல்லை. தேடுவதற்கு முன் ஒரு கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால்தான் சோதனை நடக்க வேண்டும் என்று கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. வேண்டாம் என்று அச்சடித்த தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தான்.

ரிமாண்டில் 13 நாள் இருந்தான். அதில் ஒரு வாரம் நாங்கள் வக்கீல் தேடியதிலேயே போனது. வக்கீல்கள் சொன்ன பீஸைக் கேட்டு அம்மா தாலிக்கொடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கோர்ட் வளாகத்திலேயே சட்ட உதவி மையம் இருக்கிறது என்று டீக்கடையில் ஒருவர் சொல்லித்தான் தெரியும். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் கொடுக்கிறார்கள். பெண்களுக்கும் அப்படித்தான். ஒரு தாளில் மனு எழுதிக் கொடுத்தேன், ஒரு வக்கீல் மேடம் வந்தார். இரண்டு பேர் ஜாமீன், தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனையோடு வெளியே வந்தான்.

அப்புறம்தான் நாங்கள் பெரிய தப்புப் பண்ணினோம். தெரிந்தவர் பேச்சைக் கேட்டு ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். 45 நாள், 24,000 ரூபாய். உள்ளே என்ன நடந்தது என்பதை அவன் இன்னும் முழுசாகச் சொன்னதில்லை. வெளியே வந்த பத்தாம் நாளே மறுபடி ஆரம்பித்துவிட்டான். அந்த இல்லத்தின் சான்றிதழை மேடத்திடம் நீட்டியபோது அவர் கேட்டார்: "இது அரசு அங்கீகாரம் உள்ள இடமா?" இல்லை. கோர்ட்டில் அந்தத் தாளுக்கு மதிப்பு இல்லை.

அன்றைக்குத்தான் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு என்ற எண்ணை முதல்முறையாகக் கேட்டேன். போதைக்கு அடிமையான ஒருவர் சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ உபயோகித்ததற்காகவோ மாட்டிக்கொண்டு, தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். குற்றம் நிரூபணமான பிறகும்கூட, சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப 39-ஆம் பிரிவு கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. இரண்டும் பல ஆண்டாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. ஸ்டேஷனிலோ, ரிமாண்ட் அன்றைக்கோ, ஒரு ஆள் எங்களிடம் சொல்லவில்லை.

ஊரில் எல்லோரும் சொன்னது வேறு. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துரு, ஒரே நாள்ல முடிஞ்சுரும்." தம்பிக்கும் அதுதான் ஆசை. மேடம் பிடிவாதமாக மறுத்தார். ஃபைன் கட்டினாலும் தண்டனை தண்டனைதான், நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்று கேட்கும்போது அது வந்து நிற்கும் என்றார். எங்கள் தெருவில் பாதி வீடு வளைகுடா சம்பளத்தில் எழுந்தது. அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2023 ஜனவரியில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சேர்த்தோம். காசு கிடையாது. பஸ்ஸில் ஒரு மணி நேரம். கஞ்சாவை மறக்க வைக்கும் மாத்திரை என்று தனியாக ஒன்று கிடையாது என டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை எல்லாம் முதல் வாரத்தில் கடுமையாக இருக்கும், பிறகு தணியும் என்றார். அப்படியே நடந்தது. இரண்டு வாரம் உள்ளே, அதன் பிறகு ஆறு மாதம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆலோசனை.

வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தேன். திண்ணையில் குண்டு பல்பின் கீழ் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். ஊசியைக் கண்ணிக்குள் விடுவான், கை நடுங்கிப் பக்கத்துக் கண்ணிக்குள் போகும், இழுப்பான், மறுபடி விடுவான். நெற்றியெல்லாம் வியர்வை. நான் பேசவில்லை, டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். "தூக்கம் வரலைக்கா" என்றான். விடிவதற்குள் ஒரு முழம் தைத்திருந்தான். அதற்கு முன்னால் அவனை அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் பார்த்து இரண்டு வருடம் இருக்கும்.

வாய்தாதான் உயிரை எடுத்தது. விசைப்படகு வாரத்துக்கு மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். வாய்தாவும் அந்த நாளிலேயே விழும். கோர்ட்டுக்குப் போனால் அன்றைய மீன் பங்கு போச்சு, போகாவிட்டால் வாரண்ட். ஆய்வக அறிக்கை வரவில்லை, நீதிபதி விடுப்பு, அடுத்த தேதி. மருத்துவமனைச் சான்றிதழ் ஆகஸ்டில் கிடைத்தது. டிசம்பரில் 64-ஏ-யின்படி விலக்குக் கொடுத்து வழக்கை முடித்தார்கள். நோட்டில் கூட்டிப் பார்த்தேன்: இல்லத்துக்குக் கட்டியது, பஸ், ஜெராக்ஸ், இழந்த கூலியும் பங்கும் சேர்த்து 63,000 ரூபாய். சட்டம் போடக்கூடிய அதிகபட்ச அபராதம் பத்தாயிரம்.

சட்டத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னால் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கிறார்கள். என் வீட்டில் அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். விற்கிறவனைப் பிடிக்கட்டும். குடிக்கிற பையனுக்குச் சிகிச்சைக் கதவுதான் முதல் கதவாக இருக்க வேண்டும், கைது பண்ணும்போதே 64-ஏ-யைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். இன்னொன்று, அந்தப் பிரிவு அடிமையானவருக்கு மட்டும்தான். கூட்டாளி கொடுத்தான் என்று முதல்முறை இழுத்துவிட்டு மாட்டிக்கொண்ட பையன் தன்னை அடிமை என்று நிரூபிக்க முடியாது. நோய் முற்றியவனுக்குத் திறக்கிற கதவு அவனுக்கு இல்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

சிறு அளவுக்குச் சிறையைத் தவிர்க்கலாம் என்று 2021 அக்டோபரில் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் வருவாய்த் துறைக்குப் பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. அந்த டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் ஒரு பிரிவு எண் பிழையைச் சரிசெய்ததோடு நின்றுவிட்டது. போர்ச்சுகல் 2001 முதல் பத்து நாள் உபயோகத்துக்குள் வைத்திருப்பவரைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல், ஆலோசனைக் குழுவுக்கு அனுப்புகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் சிறு அளவு போதைப்பொருள் வைத்திருப்பதற்கான தண்டனையை 2021-இல் எடுத்தது, சிகிச்சை வசதி ஈடுகொடுக்காமல் 2024-இல் திரும்பக் கொண்டுவந்தது. அதனால்தான் சொல்கிறேன், தண்டனையைக் குறைத்தால் மட்டும் போதாது, மண்டபம், தொண்டி, கீழக்கரை மாதிரி ஊர்களில் நடந்து போகிற தூரத்தில் ஆலோசனை மையம் வேண்டும்.

போன மாதம் வேதாளையிலிருந்து ஒரு அம்மா கம்பெனி வாசலில் வந்து நின்றார். மகனுக்கு 60 கிராம் வழக்காம். நண்டு எடைச்சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்: கோர்ட் வளாகம், சட்ட உதவி மையம். அரசு மருத்துவமனை, மனநலப் பிரிவு. 64-ஏ. அவருக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "ராமநாதபுரத்துக்கு மொத பஸ் எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார். மறுநாள் நானும் லீவு போட்டுவிட்டு அவரோடு போனேன்.