சம்பளத்துக்கான ஸ்ட்ரைக்கும் எங்கள் 600 யூரோவும்

ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்து சென்னைக்குக் குடும்பத்தோடு கிளம்பவேண்டிய விமானம், கேபின் க்ரூ (விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் ஊழியர்கள்) வேலைநிறுத்தத்தால் ரத்தானது. அதற்கான இழப்பீட்டை விமான நிறுவனத்திடம் வாங்கி முடிப்பதற்குள் நடந்ததை இங்கே எழுதுகிறேன். "ஸ்ட்ரைக்கா? அதுக்கெல்லாம் ஒண்ணும் தரமாட்டான்" என்று சொல்லி விட்டுவிடுகிறவர்கள் எங்கள் நட்பு வட்டத்திலேயே நிறையப் பேர். அது சரியில்லை. எந்த ஸ்ட்ரைக், யாருடைய ஊழியர்கள் செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

ரயிலில் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. செயலியில் அவர்களாகவே ஒரு மாற்று விமானத்தைப் போட்டிருந்தார்கள். அது அப்பாவின் திவசம் முடிந்த பிறகு சென்னையில் இறங்கும் விமானம். திதியைத் தள்ளிவைக்க முடியாது. அதன் கீழேயே "ரீஃபண்ட் பெறுக" என்று பெரிய பொத்தான். அவசரத்தில் பலர் அதைத்தான் அழுத்துகிறார்கள். அழுத்திவிட்டால் டிக்கெட் பணம் வரும், ஆனால் மாற்று விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பும் தங்குமிடம் தரும் பொறுப்பும் அதோடு நிறுவனத்துக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கடைசி நேர விலையில் டிக்கெட் எடுப்பது நம் பாடு. அதனால் எதையும் தொடாமல் நேராக கவுண்டருக்குப் போனோம்.

கவுண்டரில் இருந்த பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கழுத்தில் விமான நிறுவனத்தின் ஸ்கார்ஃப். இடுப்பில் தொங்கிய அடையாள அட்டையில் வேறொரு நிறுவனத்தின் பெயர். தரைச்சேவையை ஒப்பந்தத்துக்கு எடுத்திருக்கும் கம்பெனி அது. வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவரும் ஒரே முதலாளியிடம் வேலை செய்கிறவர்கள் இல்லை. அவர்கள் கேட்கும் சம்பள உயர்வு கிடைத்தாலும் இவருக்கு அதில் ஒரு காசு வராது. ஆனால் வரிசையில் நின்றவர்களின் கோபம் முழுவதும் இவர் தலையில்தான் விழுந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் மேசையைத் தட்டிக் கத்தினார். அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் முறை வந்தபோது, காலை நான்கு மணி ஷிஃப்டுக்கு வந்தவர், இன்னும் மாற்று ஆள் வரவில்லை என்றார்.

ஹோட்டல் வவுச்சர் தீர்ந்துவிட்டது, நியாயமான விலையில் நீங்களே அறை எடுத்துக்கொண்டு பில்லை வைத்திருங்கள் என்றார். வளைகுடா வழியாகப் போகும் வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். மாற்றுப் பயணம் அதே நிறுவனத்தின் விமானத்தில்தான் இருக்கவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை, முடிந்த அளவு சீக்கிரம் கொண்டுசேர்க்கவேண்டும் என்றுதான் இருக்கிறது. அவர் யாரிடமோ தொலைபேசியில் வெகுநேரம் வாதாடினார். அப்புறம் கீபோர்டில் தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். திவசத்துக்கு முந்தின நாள் இரவு சென்னையில் இறங்குகிற மாதிரி மூன்று இடம் கிடைத்தது.

கடைசியாக நான் ஒன்று கேட்டேன்: ரத்துக்கான காரணத்தை எழுத்தில் தரமுடியுமா? பழைய பயண அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் விமான எண், தேதி, "கேபின் ஊழியர் வேலைநிறுத்தம்" என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூடவே பயணிகள் உரிமை பற்றிய அச்சடித்த தாளும். அந்தத் தாளைக் கொடுப்பது சட்டப்படி கட்டாயம். பின்னால் எங்களுக்குக் கைகொடுத்த முதல் ஆவணம், அந்த முத்திரை விழுந்த அட்டைதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற ஒழுங்குவிதி. 2005 பிப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்துக்குள் இருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் பொருந்தும். சென்னையில் இருந்து ஐரோப்பாவுக்கு வரும்போது, ஐரோப்பிய நிறுவனம் ஓட்டும் விமானமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். வளைகுடா நிறுவனத்திலோ இந்திய நிறுவனத்திலோ ஏறி வந்தால் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. ஊருக்குப் போய்வருகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே இதை மனதில் வைப்பது நல்லது. புறப்பாட்டுக்கு 14 நாளைக்குள் ரத்து செய்தால், தூரத்தைப் பொறுத்து ஒருவருக்கு 250, 400, 600 யூரோ. 3,500 கிலோமீட்டரைத் தாண்டினால் 600. டிக்கெட் விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குழந்தைக்கும் டிக்கெட் எடுத்திருந்தால் அதே தொகைதான். இதில் இருந்து நிறுவனம் தப்பிக்க முக்கியமான வழி, "அசாதாரணச் சூழ்நிலை" என்று நிரூபிப்பது.

வீட்டுக்குத் திரும்பியதும் நிறுவனத்தின் இணையப் படிவத்தை நிரப்பினேன். குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட், முத்திரை அட்டை, ஹோட்டல் பில், இரவுச் சாப்பாட்டு பில், மூன்று பேரின் பெயரில் தனித்தனிக் கோரிக்கை. முதலில் வந்த பதில், பயண வவுச்சர் தருகிறோம் என்பது. எழுத்தில் சம்மதம் கொடுத்தால் ஒழிய வவுச்சரை நம் தலையில் கட்டமுடியாது. பணமாகத்தான் வேண்டும் என்று எழுதினேன். அதற்கு வந்த பதில் நான் எதிர்பார்த்ததே: வேலைநிறுத்தம் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத அசாதாரணச் சூழ்நிலை, ஆகவே இழப்பீடு இல்லை, உங்கள் புரிதலுக்கு நன்றி.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள். நிற்கவேண்டியதில்லை. 2019 வசந்த காலத்தில் ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். விமான நிறுவனத்து விமானிகள் சம்பள உயர்வும் ஒழுங்கான வேலை நேரமும் கேட்டு ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 4,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. மால்மோவில் இருந்து ஸ்டாக்ஹோம் போகவேண்டிய ஒரு பயணியின் 250 யூரோ வழக்கு லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. வழக்கு எண் சி-28/20. தீர்ப்பு 2021 மார்ச் 23. சொந்த ஊழியர்கள் சம்பளத்துக்காகவும் வேலை நிலைமைக்காகவும் முன்னறிவிப்போடு சட்டப்படி செய்யும் வேலைநிறுத்தம், நிறுவனம் நடத்துவதில் இயல்பாகவே வரக்கூடியது, அசாதாரணம் இல்லை என்றது நீதிமன்றம். அதே ஆண்டு அக்டோபரில், தாய் நிறுவனத்து ஊழியர்களுக்கு ஆதரவாகத் துணை நிறுவனத்தின் கேபின் ஊழியர்கள் செய்த வேலைநிறுத்தத்துக்கும் இதே முடிவு வந்தது.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தால் கதை வேறு. ஜெர்மனியில் பாதுகாப்புச் சோதனை ஊழியர்கள் செய்தாலும் அப்படித்தான். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது விமான நிறுவனம் இல்லை என்பதால் இழப்பீடு கிடைப்பது கடினம். ஆனால் அப்போதும் மாற்றுப் பயணம், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் தரத்தான் வேண்டும். இதைக் கவுண்டரில் யாராவது மறுத்தால் நம்பாதீர்கள்.

வழக்கு எண்ணையும் தீர்ப்புத் தேதியையும் போட்டு மறுபடி எழுதினேன். ஹோட்டல் பில்லுக்கான பணம் மட்டும் வந்தது. 600 யூரோவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்தக் காத்திருப்பின்போதுதான் ஒரு பேச்சு நடந்தது. அது இல்லாமல் இந்தப் பதிவு முழுமையாகாது. நண்பர் ஒருவரின் மகள் கேபின் க்ரூவாக இருக்கிறாள். ஒரு விசேஷத்தில் பார்த்தபோது, நான் இழப்பீடு கேட்டிருப்பதைக் கேட்டு முகம் மாறிவிட்டது. "அங்கிள், நாங்க சம்பளம் கேட்டா கம்பெனி என்ன சொல்றான் தெரியுமா? பயணிகளுக்கு இவ்வளவு கோடி இழப்பீடு கொடுத்துட்டோம், உங்களுக்குக் கொடுக்கப் பணம் எங்கே இருக்குன்றான். நீங்க கேக்கறது எங்க பாக்கெட்ல இருந்துதான் போகுது."

நியாயமான கேள்வி, சும்மா தள்ளிவிட முடியாது. இந்தத் தொழிலில் சம்பளம் கணக்கிடும் விதமே பலருக்குத் தெரியாது. பல நிறுவனங்களில் கேபின் ஊழியர்களின் மணிக்கணக்கு, விமானம் வாயிலை விட்டு நகரும்போது தொடங்கி, போய் நிற்கும்போது முடிகிறது. நாம் ஏறும்போது பெட்டியைத் தூக்கி வைக்க உதவுவது, தாமதத்தின்போது நம் கோபத்தைத் தாங்கிக்கொண்டு நிற்பது, இதற்கெல்லாம் வட அமெரிக்காவில் நெடுங்காலம் மணிச் சம்பளமே கிடையாது. 2022-ல்தான் டெல்டா நிறுவனம் பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதி விகிதத்தில் கொடுக்கத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் சுமார் 10,000 கேபின் ஊழியர்கள் வேலையை நிறுத்தியதற்கு முக்கியக் காரணம், தரையில் செய்யும் வேலைக்குக் கூலி இல்லை என்பது. ஐரோப்பாவில் பல இடங்களில் அடிப்படைச் சம்பளம் உண்டு, ஆனால் அது சிறியது. பறக்கும் நேரத்துப் படி சேர்ந்தால்தான் வாடகை கட்டமுடியும் என்றாள் அவள். விமானம் ரத்தானால் அந்தப் படியும் போயிற்று.

சம்பளம் குறைந்தால் அதன் விலையைப் பயணியும்தான் கொடுக்கிறார். 2022 கோடையை நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் வெளியே அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கூலிக்குத் திரும்பி வரவில்லை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் வரிசை கட்டடத்துக்கு வெளியே நீண்டது. கடைசியில் பாதுகாப்பு, சுமை தூக்கும் ஊழியர்களுக்கு அந்தக் கோடைக்கு மணிக்கு 5.25 யூரோ கூடுதலாகக் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். லண்டன் ஹீத்ரோ, ஒரு நாளைக்குக் கிளம்பும் பயணிகள் 1,00,000 பேர்தான் என்று உச்சவரம்பே போட்டது.

அவளிடம் நான் சொன்னது இதுதான். இழப்பீடு இல்லை என்று வைத்துக்கொள். வேலைநிறுத்தம் எத்தனை நாள் நீண்டாலும் அதன் பாரம் கவுண்டரில் நிற்கும் பெண்ணின் மேலும் எங்கள் மேலும்தான் விழும். நிறுவனம் பொறுமையாக உட்கார்ந்திருக்கலாம். ஒவ்வொரு ரத்துக்கும் தலைக்கு 600 என்றால், பேச்சுவார்த்தை மேசைக்கு அவர்கள் சீக்கிரம் வருவார்கள். எஸ்.ஏ.எஸ். வழக்கில் நிறுவனத்தின் வாதமே இதைத்தான் தொட்டது. இழப்பீட்டுச் சுமையால் தொழிற்சங்கத்தின் கை ஓங்கிவிடும், பேரத்தில் சமநிலை கெட்டுவிடும் என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. கூட்டுப் பேரமும் வேலைநிறுத்தமும் அடிப்படை உரிமைகள், அவை நடக்கும் என்று தெரிந்தே தொழில் நடத்துகிறாய், தயாராக இரு என்பதுதான் தீர்ப்பின் சாரம். அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன நிறுவனங்கள் தாங்காது என்றாள். இருக்கலாம். ஆனால் ஊழியர் சம்பளத்தையும் பயணி இழப்பீட்டையும் ஒரே பானையில் இருந்து எடுப்பதுபோலக் காட்டி நம் இருவரையும் மோதவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கணக்கில் பங்குதாரர்களின் பங்கும் மேலதிகாரிகளின் போனஸும் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சரி, நடந்ததுக்கு வருகிறேன். இழப்பீட்டை வாங்கித் தரும் தனியார் கம்பெனிகள் நிறைய உண்டு, கிடைக்கும் தொகையில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் அதற்கு முன் முயலவேண்டியது, பெர்லினில் உள்ள பயணம், போக்குவரத்துக்கான சமரச மையம். பயணிக்குக் கட்டணம் இல்லை. 5,000 யூரோ வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்வார்கள். நிறுவனத்துக்கு எழுதி இரண்டு மாதம் ஆகியும் சரியான பதில் இல்லை என்றால் அங்கே போகலாம். உங்கள் விமான நிறுவனம் அந்த மையத்தில் உறுப்பினராக இல்லாவிட்டால், பான் (Bonn) நகரில் உள்ள நடுவண் நீதித்துறை அலுவலகத்தில் இதே வேலைக்கு ஒரு பிரிவு இருக்கிறது.

இணையத்திலேயே எல்லாக் கடிதங்களையும் வரிசையாக ஏற்றினேன். கதை எழுதவில்லை. தேதி, விமான எண், எப்போது சொன்னார்கள், எதனால் ரத்து, என்ன கேட்டேன், என்ன சொன்னார்கள், அவ்வளவுதான். மையத்தின் சட்ட நிபுணர் இரு தரப்பையும் படித்துவிட்டு எழுத்தில் ஒரு பரிந்துரை தந்தார்: சொந்தக் கேபின் ஊழியர்களின் சம்பள வேலைநிறுத்தம், முழு இழப்பீடும் தரவேண்டும். பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது, நிறுவனம் மறுத்திருந்தால் நீதிமன்றம்தான். மறுக்கவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து 1,800 யூரோ வங்கிக் கணக்கில் விழுந்தது. மன்னிப்போ விளக்கமோ இல்லை, விவரக் குறிப்பில் எங்கள் கோரிக்கை எண் மட்டும்.

பணம் வந்த அன்று, அந்தக் கவுண்டர் பெண்ணைப் பாராட்டி அவருடைய ஒப்பந்தக் கம்பெனிக்கும் விமான நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதினேன். தேதியையும் கவுண்டர் எண்ணையும் குறிப்பிட்டிருந்தேன். அதற்கு இரண்டு இடத்தில் இருந்தும் பதில் வரவில்லை.

இந்த உரிமை இப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் 2025 ஜூனில் எடுத்த நிலைப்பாட்டின்படி, தாமதத்துக்கான இழப்பீட்டு வரம்பு இப்போதைய 3 மணி நேரத்தில் இருந்து, குறுந்தூரத்துக்கு 4 மணி நேரமாகவும், 3,500 கிலோமீட்டருக்கு மேல் 6 மணி நேரமாகவும் ஏறவேண்டும். நெடுந்தூரத் தொகை 600-ல் இருந்து 500 ஆகக் குறையவேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றம் 3 மணி நேரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நிற்கிறது. இங்கே வாக்குரிமை இருப்பவர்கள் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஒரு மெயில் போடுங்கள். வாக்குரிமை இல்லாவிட்டாலும் போடலாம்.

இன்னொன்று. ஜெர்மனியில் இந்தக் கோரிக்கைக்கான காலவரம்பு மூன்று ஆண்டு, அதுவும் சம்பவம் நடந்த ஆண்டின் டிசம்பர் 31-ல் இருந்து எண்ணுவார்கள். "ஸ்ட்ரைக், ஒன்றும் கிடைக்காது" என்று மூடிவைத்த பழைய மெயில் இருந்தால், அதில் வேலைநிறுத்தம் செய்தது யார் என்று ஒருமுறை பாருங்கள். விமான நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் என்றால், இன்றைக்கே கடிதம் எழுதலாம்.