மூன்று புடைப்புகள்

ரோமில் ஞாயிறு காலை என்றால் எனக்குப் போர்த்தா போர்த்தேசே சந்தைதான். அங்கே ஒரு தாத்தா பிஸ்கட் டப்பா நிறையத் தேய்ந்த செம்புக் காசுகள் வைத்திருப்பார். ஐந்து காசு பத்து யூரோ. பெரும்பாலும் போப்பாண்டவர்கள் நடு இத்தாலியை அரசாண்ட காலத்துச் சில்லறை. ஐந்து குவாத்ரீனோ ஒரு பையோக்கோ, நூறு பையோக்கோ ஒரு ஸ்கூதோ என்பது அந்தக் காலத்துக் கணக்கு. நல்ல வெள்ளிக் காசு எனக்குக் கட்டுப்படியாகாது. இந்த ஏழைக் காசுதான் சரி.

முதல் வாரமே ஒரு கூத்து. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? போப் பதினான்காம் பெனடிக்ட் (1740-58) காலத்து அரை பையோக்கோ ஒன்றைப் புளியில் ஊறப் போட்டுத் தேய்த்தேன். முன்னூறு வருடம் ஆகப்போகிற கரும்பழுப்பு மெருகு ஐந்து நிமிடத்தில் போய், காசு உரித்த கோழி மாதிரி வெளிறி நின்றது. மெருகு போனால் காசின் மதிப்பும் போய்விடும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்ததை இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் பத்து நாள் போட்டு, பல் குத்தும் குச்சியால் மண்ணை மட்டும் நெம்பினேன். ஒரு குவாத்ரீனோ. எழுத்து எல்லாம் போயிருந்தது. கேடயத்துக்குள் மூன்று புடைப்பு: மேலே ஒன்று, கீழே இரண்டு. இந்தக் காசுகளில் போப்பின் குடும்பச் சின்னம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மலைக்குன்றுகள் கீஜி குடும்பத்துச் சின்னம். அப்படியானால் அந்தக் குடும்பத்துப் போப் ஏழாம் அலெக்சாண்டர் என்று உறையில் எழுதியும் வைத்துவிட்டேன். கீஜி சின்னத்தில் ஆறு குன்றுகள் உண்டே என்பது உறுத்தியது. மீதி மூன்றும் தேய்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் பியாத்சா பார்பெரீனியில் பஸ்ஸுக்கு நின்றபோது சிற்பி பெர்னினியின் ட்ரைடன் நீரூற்றை வெறித்துக்கொண்டிருந்தேன். அதிலிருக்கும் கேடயத்தில் பார்பெரீனி குடும்பச் சின்னமான மூன்று தேனீக்கள். மேலே இரண்டு, கீழே ஒன்று. பகீரென்றது. இத்தனை நாளும் காசைத் தலைகீழாகப் பிடித்திருந்திருக்கிறேன்!

வீட்டுக்கு ஓடிவந்து, விளக்கை அணைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் காசின் விளிம்போடு ஒட்டிப் பிடித்தேன். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்தது இப்போது நிழல் விழுந்து எழுந்தது. ஒரு புடைப்பில் இறக்கை மாதிரி இரண்டு கோடு. விளிம்பில் பாதி எழுத்தாக வீ, ஆர், பி. லத்தீனில் யூவை வீ போலத்தான் வெட்டுவார்கள். உர்பானுஸ், அதாவது போப் எட்டாம் அர்பன் (1623-44), பார்பெரீனி வீட்டுப் பிள்ளை. அந்தக் குடும்பத்தின் பழைய சின்னம் மாட்டு ஈயாம். வசதி வந்ததும் தேனீயாக்கிக்கொண்டார்கள்.

சந்தோஷம் தாங்காமல் அடுத்த ஞாயிறு தாத்தாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். இப்போது மூன்று புடைப்பு எதில் தெரிந்தாலும் "தேனீ" என்று சொல்லித் தனியே எடுத்து வைத்து, ஒரு காசுக்கே பத்து யூரோ கேட்கிறார்.