குடியிருப்பவர்களை மறந்து நான் எழுதிய பாதுகாப்புத் திட்டம்

கட்டுமானப் பாதுகாப்புத் தேர்வில் முதல் முறை என் விடைக்கு மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பு ஒரே ஒரு வரி: "இந்தத் திட்டத்தில் கட்டடம் காலியாக இருக்கிறது."

கேள்வியில் கட்டடம் காலியாக இல்லை. 1968ல் கட்டிய ஆறு மாடிக் குடியிருப்பு, 48 வீடுகள், ஒரே மாடிப்படி, ஒரே லிஃப்ட். ஜன்னல், கூரை, குளியலறைகள், மேலே ஏறும் தண்ணீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வேலை ஒன்பது மாதம். யாரும் வீட்டைக் காலி செய்யப் போவதில்லை. பிரிட்டன் சட்டப்படி இதற்கு ஒரு கட்டுமானக் கட்டத் திட்டம், அதாவது வேலை நடக்கும் காலத்துக்கான பாதுகாப்புத் திட்டம், எழுதுக என்பதுதான் கேள்வி.

22 பக்கம் எழுதியிருந்தேன். குறிப்பைப் பார்த்த பிறகு, அதில் குடியிருப்பவர்கள் எங்கெல்லாம் வருகிறார்கள் என்று தேடினேன். 19ஆம் பக்கத்தில் 'பொதுமக்கள்' என்ற தலைப்புக்குக் கீழே மூன்று வரி: வேலி போடப்படும், பலகை வைக்கப்படும், நோட்டீஸ் கொடுக்கப்படும். அவ்வளவுதான். சைட்டில் பல வருடம் சூப்பர்வைசராக இருந்தவனுக்கு வரும் வியாதி இது. வேலிக்கு உள்ளே இருப்பவர்கள் நம் ஆட்கள், வெளியே இருப்பவர்கள் பொதுமக்கள் என்று கை தானாக எழுதிவிடும். இந்தக் கேள்வியில் பொதுமக்கள் வேலிக்கு உள்ளே தூங்குகிறார்கள்.

இதே மாதிரி கேள்விக்குத் தயாராகிறவர்களுக்காக, இரண்டாம் முறை நான் எதை மாற்றினேன் என்று சொல்கிறேன்.

சட்டத்தை முதலிலேயே முடித்துவிடலாம். 2015 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டுமான வடிவமைப்பு மேலாண்மை விதிகளைத்தான் எல்லோரும் சிடிஎம் என்கிறார்கள். அதில் எத்தனை சின்ன வேலையாக இருந்தாலும் கட்டுமானக் கட்டத் திட்டம் கட்டாயம். பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்புக்கு வேலையைப் பற்றித் தெரிவிக்கும் எஃப்10 அறிவிப்பு வேறு கணக்கு. வேலை 30 வேலை நாளைத் தாண்டி, ஏதாவது ஒரு நேரத்தில் 20 பேருக்கு மேல் ஒன்றாக வேலை செய்தாலோ, மொத்தம் 500 ஆள் நாளை (ஓர் ஆள் ஒரு நாள் செய்வது ஓர் ஆள் நாள்) தாண்டினாலோ அனுப்ப வேண்டும். ஒன்பது மாதம் என்றால் ஏறத்தாழ 180 வேலை நாள். 15 பேர் என்று வைத்தாலே 2,700 ஆள் நாள். "அறிவிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதாமல் இந்தப் பெருக்கலையும் விடையில் காட்டுங்கள்.

பலர் சறுக்கும் இடம் கிளையண்ட், அதாவது வேலையைச் செய்யச் சொல்பவர், யார் என்பது. வீடுகளில் குடும்பங்கள் இருப்பதால் அவர்களை வீட்டு கிளையண்ட் (தன் சொந்த வீட்டுக்கு வேலை கொடுப்பவர்) என்று எழுதிவிடுகிறார்கள். வேலையைக் கொடுப்பது கட்டடத்தை நிர்வகிக்கும் உரிமையாளர் அமைப்பு. கிளையண்டின் கடமை முழுக்க அதற்குத்தான். கேள்வியில் மாடிகளை எண்ணவும் மறக்காதீர்கள். இங்கிலாந்தில் ஏழு மாடியையோ 18 மீட்டர் உயரத்தையோ எட்டும் குடியிருப்பு, 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டப்படி உயர் ஆபத்துக் கட்டடம் ஆகிவிடும். அப்படிப்பட்ட கட்டடத்தில் இந்த மாதிரி பெரிய வேலையைக் கட்டடப் பாதுகாப்பு ஒழுங்குமுறையாளரின் ஒப்புதல் இல்லாமல் தொடங்க முடியாது. ஆறு மாடி என்று கொடுத்தவர் யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார்.

இனி உண்மையான வேலை. இரண்டாம் முறை நான் அபாயப் பட்டியலை எடுக்கவே இல்லை. ஒரு தாளில் கடிகாரம் வரைந்தேன். காலை ஏழரைக்குப் படியில் யார் இறங்குகிறார்கள்? பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். அதே ஏழரைக்குத்தான் முதல் ஜிப்சம் போர்டு லாரியும் வருகிறது. பத்து மணிக்கு வீட்டில் இருப்பது யார்? வயதானவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள், இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர். லிஃப்டைச் சாமான் ஏற்றப் பிடித்துக்கொண்டால் ஐந்தாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்ன செய்வார்? மெயின் கரண்டை நான்கு மணி நேரம் நிறுத்தினால், வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு இருக்கும் நோயாளி? மாலை ஆறு மணிக்கு நம் ஆட்கள் போன பிறகு சாரம் யாருடையது? பிள்ளைகளுடையது.

அந்த ஒரு தாளிலிருந்து பாதித் திட்டம் வந்துவிட்டது. பொருள் இறக்குவது ஒன்பதரைக்கு மேல், பள்ளி விடும் நேரத்தில் கிடையாது, பின்னால் வரும் லாரிக்குக் கைகாட்ட ஓர் ஆள். லிஃப்டில் சாமான் ஏற்ற நேரம் ஒதுக்கி, மீதி நேரம் குடியிருப்பவர்களுக்கு. கரண்ட் நிறுத்தும் முன், மருத்துவக் கருவி வைத்திருக்கும் வீடுகளுக்கு மாற்று ஏற்பாடு முடிந்ததா என்று தள மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் சாரத்தின் கீழ்த்தட்டு ஏணியைக் கழற்றிப் பூட்டி வைக்க வேண்டும். ஏழு நாளுக்கு ஒருமுறை சாரத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஏணியைக் கழற்றுவதை எழுதியவர்கள் எங்கள் வகுப்பில் இரண்டு பேர்தான்.

நெருப்புக்கு நான் நான்கு பக்கம் கொடுத்தேன். அதிகம் என்று இப்போதும் தோன்றவில்லை. 2010 நவம்பர் 15 அன்று ஷாங்காயில் 28 மாடிக் குடியிருப்பில் வெளிப்புறப் புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தது, உள்ளே ஆட்கள் இருந்தார்கள். வெல்டிங் பொறி பட்டு, சாரத்தைச் சுற்றியிருந்த வலையும் வெப்பக்காப்பு நுரையும் பிடித்துக்கொண்டன. 58 பேர் இறந்தார்கள். 2025 நவம்பர் 26 அன்று ஹாங்காங்கின் தை போ பகுதியில் அதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. புதுப்பிப்புக்காகச் சாரமும் வலையும் போர்த்திய எட்டு டவர்களில் ஏழு எரிந்தன, 150 பேருக்கு மேல் இறந்தார்கள். லண்டனின் கிரென்ஃபெல் கட்டடத்தில் 2017 ஜூன் 14 அன்று 72 பேர் இறந்தபோது புதுப்பிப்பு வேலை முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த வேலை நடந்தபோதும் ஆட்கள் உள்ளேயேதான் குடியிருந்தார்கள். இவற்றை விடையில் வரலாறாக எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஏன் எரிந்தது என்பதை எடுத்து உங்கள் கட்டடத்தில் பொருத்த வேண்டும்.

அப்படிப் பொருத்திப் பார்த்தபோது எனக்குக் கிடைத்தது இது. இந்த மாதிரிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் "உங்கள் வீட்டில் தீ இல்லையென்றால் உள்ளேயே இருங்கள்" என்பதுதான் ஏற்பாடு. ஒவ்வொரு வீடும் தீயை ஒரு மணி நேரமாவது தடுத்து நிறுத்தும் பெட்டி என்ற நம்பிக்கையில் அது நிற்கிறது. நாம் குழாய் மாற்றுகிறோம் என்று ஆறு மாடிக்கும் தளத்தில் ஓட்டை போடுகிறோம். ஓட்டை போட்ட அந்த நிமிடம் பெட்டி பெட்டியாக இல்லை. ஆகவே என் திட்டத்தில், எந்த ஓட்டையும் ராத்திரிக்குத் திறந்திருக்கக் கூடாது, அன்றன்றே தீத்தடுப்புப் பொருளால் தற்காலிகமாக அடைத்துப் படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதினேன். அதை அடைக்க முடியாத நாட்களில் "உள்ளேயே இருங்கள்" என்ற ஏற்பாடு செல்லுமா, தற்காலிக அலாரமும் இரவுக் காவலும் வேண்டுமா என்பதைத் தீயபாய மதிப்பீட்டாளரிடமும் தீயணைப்புத் துறையிடமும் பேசி வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தூசி படாமலிருக்கப் புகை உணர்விகளுக்கு மூடி மாட்டுவோம் அல்லவா? ஷிஃப்ட் முடிவில் எத்தனை மாட்டினோம், எத்தனை கழற்றினோம் என்று எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஒரே படிக்கட்டு என்பதால் அதில் ஒரு சிமெண்ட் மூட்டைகூட நிற்கக் கூடாது. தீப்பொறி வரும் வேலைக்கு எழுத்தில் அனுமதி (பெர்மிட்), வேலை முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரக் காவல். அதனால் அந்த வேலை மாலை நான்குக்கு மேல் கிடையாது. குழாய் இணைப்பைச் சூடே இல்லாமல் அழுத்தி இணைக்கும் வகையில் செய்துவிட்டால் பெர்மிட்டே தேவையில்லை. அபாயத்தை நீக்குவது என்று பாடத்தில் முதல் படியாக வருகிறதே, அது இதுதான். வடிவமைப்பிலேயே அபாயத்தைக் குறைக்கும் பொறுப்பு உள்ள முதன்மை வடிவமைப்பாளர் பெயரைத் திட்டத்தில் கொண்டுவர இதைவிட நல்ல இடம் இல்லை.

யாரும் சொல்லித்தராத ஒன்று. சாரத்தைச் சுற்றிப் படுதா கட்டும்போது, வீடுகளின் கேஸ் பாய்லர் புகைக்குழாய் வெளிச்சுவரில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? படுதா அதை மூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே திரும்பும். வாசனை கிடையாது. காலிக் கட்டடத்தில் இந்த அபாயமே கிடையாது, ஆதலால் பொதுவான பட்டியல் எதிலும் இது இராது. இதைப் படிப்பில் நான் கற்கவில்லை. சாரக்காரர் ஒருவர் டீ குடிக்கும்போது சொன்னது. புகைக்குழாய் இடங்களை வரைபடத்தில் குறி, படுதாவை அங்கே வெட்டி விடு, கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர் சரிபார்க்கட்டும், வீட்டுக்கு ஓர் அலாரம் கொடு என்று நான்கே வரி எழுதினேன். குறிப்பில் அதைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் இல்லாமல் இந்தக் கேள்வி வராது. பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்தது 1999ல். 1968 கட்டடம் என்றால் குழாய் உறை, தரை ஓடு, கூரையின் புள்ளிப் பூச்சு, குளியலறைப் பலகை எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். உரிமையாளரிடம் மேலாண்மை ஆய்வு அறிக்கை (அன்றாடப் பயன்பாட்டுக்காக, பெரிதாக உடைக்காமல் பார்த்த ஆய்வு) இருக்கிறது என்று கேள்வியில் ஒரு வரி போட்டிருப்பார்கள். பொறி அது. உடைத்து வேலை செய்யப் புதுப்பிப்பு ஆய்வு தனியாக வேண்டும். அந்த ஆய்வே சுவரைத் திறந்து பார்க்கும் ஆய்வு, ஆள் இருக்கும்போது செய்வதில்லை. அப்படியானால் 48 வீட்டில் எப்படி? ஏதாவது வீடு காலியாகக் கிடந்தால் அதில் முதலில், பிறகு ஒவ்வொரு வீடாக, குடும்பத்தை அன்றைக்கு வேறிடத்தில் தங்கவைத்து, பகுதி பாதுகாப்பானது என்று எழுத்தில் வாங்கிய பின் திரும்ப அனுமதித்து. இந்த வரிசை வேலை அட்டவணையில் தெரிய வேண்டும். ஆய்வுக்கு நாளே ஒதுக்காமல் "ஆய்வு செய்யப்படும்" என்று எழுதுவதைப் படிக்கிறவர் நம்பமாட்டார்.

தூசி, சத்தம் பற்றி எழுதும்போது எண்களை அப்படியே கொட்டாதீர்கள். கான்கிரீட், செங்கல் வெட்டும்போது வரும் சிலிக்கா தூசிக்கு வரம்பு எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம், சத்தத்துக்கு முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவுகள் 80, 85 டெசிபல். இவையெல்லாம் தொழிலாளிக்கானவை. எட்டு மணி நேரம் வேலை செய்து, மாஸ்க் போட்டு, வீட்டுக்குப் போகிற ஆரோக்கியமான ஆள் அவர். பக்கத்து வீட்டில் ஆஸ்துமாவோடு நாள் முழுக்க இருக்கும் கிழவிக்கு அந்த எண் பொருந்தாது. ஈரம் விட்டு வெட்டுவது, மெஷினிலேயே உறிஞ்சி மாட்டுவது, வெட்டும் வேலையைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோவது, கதவை பாலிதீனால் மூடுவது, சத்தமான வேலைக்கு முன்கூட்டியே நேரம் சொல்வது. இவை இரண்டு பேருக்கும் உதவும். மாஸ்க் ஒருவருக்குத்தான்.

மற்றவை சுருக்கமாக. நம் ஆட்களுக்குக் கழிவறையும் கைகழுவுமிடமும் தனியாக. வீட்டுக்காரர்களுடையதைக் கேட்கக் கூடாது. வீட்டுக்குள் போகும் ஆளுக்கு அடையாள அட்டை. நாய் கடிக்கலாம், கோபக்காரர் அடிக்க வரலாம், ஆகவே தனியாகப் போகக் கூடாது. நுழைவாசலுக்கு மேலே பலகைக் கூரை. நோட்டீஸ், அங்கே பேசும் மொழிகளில். கேள்வி கேட்க ஒரு மனிதர், ஒரு போன் நம்பர்.

எழுதும் முறை பற்றி ஒரு பழக்கம் மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் யார், எங்கே, எப்போது, யார் சரிபார்ப்பது என்ற நான்கும் அந்த வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். எழுதிய வாக்கியத்தை எடுத்து ஒரு மால் கட்டும் சைட்டில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் அப்படியே பொருந்தினால் அடித்துவிடுங்கள். என் 22 பக்கத்தில் இப்படி அடித்தபோது ஏழு பக்கம் மிஞ்சியது. புதிதாக எழுதியது பதினொன்று. புத்தகம் பார்த்து எழுதும் தேர்வு என்றால் இன்னும் கவனம். பார்த்து எழுதிய பத்தி பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

இரண்டாம் முறை பாஸ் ஆனேன். அப்போதும் குறிப்பு ஒரே வரிதான்: "பார்சல் கொண்டுவருபவர் எந்த வழியாக உள்ளே வருவார்?" கடிகாரத் தாளை எடுத்துப் பார்த்தேன். அவரை நான் எந்த மணியிலும் எழுதியிருக்கவில்லை.