ஷிரீன் நீராடும் ஓடைக்கு வெள்ளி பூசியது

பாரசீகக் கவிஞர் நிஜாமியின் ‘குஸ்ரோவும் ஷிரீனும்’ காதல் காவியத்தில் வரும் நீராடல் காட்சியை, பாரசீகச் சுவடி ஓவியர்களின் முறைப்படி உள்ளங்கை அளவில் வரையத் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகின்றன. 1539 முதல் 1543 வரை ஈரான் மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக அந்நாட்டின் தப்ரீஸ் நகரில் உருவாகி, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் சுவடியின் ஓர் ஏடே எனக்கு முன்மாதிரி. அதை வரைந்தவர் சுல்தான் முஹம்மது என்று கருதுகிறார்கள். இளவரசன் குஸ்ரோவின் படத்தைக் கண்டே காதல்கொண்ட ஷிரீன் அவனைத் தேடிப் போக, அவனோ எதிர்த்திசையில் வந்து, ஓடையில் நீராடும் அவளைப் பார்த்தும் இன்னாரென்று அறியாமல், விரலை உதட்டில் வைத்துத் திகைத்து நிற்கிறான். வியப்பில் நாம் மூக்கில் வைக்கும் விரல் அங்கே உதட்டுக்கு இறங்கிவிடுகிறது என்பதை, அந்தக் கையை நான்கு முறை அழித்து வரைந்தபோதுதான் கவனித்தேன்.

தாளில் மாவுக் கஞ்சி பூசி, உலர்த்தி, அகேட் என்னும் வழவழப்பான மணிக்கல்லால் தேய்த்து மெருகேற்றும் வேலை இரண்டே நாளில் முடிந்தது. பாறைகளும், ஷிரீன் இடையில் சுற்றிய நீலத் துணியும்கூட அதிகம் படுத்தவில்லை. படுத்தியது ஓடைதான்.

நீருக்கு அவர்கள் வெள்ளியையே பூசினார்கள். பழைய ஏடுகள் பலவற்றில் ஓடை கருஞ்சாம்பலாகத் தெரிவது, அந்த வெள்ளி நாளடைவில் கறுத்துப்போனதால்தான்; முதலில் அச்சுப்படத்தில் பார்த்தபோது நான் அதைச் சேறு என்றே நினைத்தேன். வெள்ளி ரேக்கை வேலம்பிசின் கரைசலில் இட்டு, பீங்கான் தட்டில் விரல் நுனியால் ஒரு மணி நேரம் அரைத்து, நீரூற்றித் தெளியவைத்து மேல்நீரை வடித்தால், அடியில் மங்கலான ஒரு சாந்துதான் மிஞ்சியது. பூசி உலர்ந்த பின்னும் அது சாம்பலாகவே கிடந்தது. அகேட் கல்லை மெல்ல ஓட்டியதும், கல் போன தடம் மட்டும் கண்ணாடிபோல் பளிச்சிட்டது. கல் ஓடையின் கரை தாண்டினால் பக்கத்து வண்ணம் உரிந்துவிடும் என்பதால், இப்போது வெள்ளியை முடித்த பிறகே மற்ற வண்ணங்களைத் தொடுகிறேன்.

ஒரு தவறும் நடந்தது. வெள்ளி பூசிய மாதிரித் தாளைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். பத்து நாள் கழித்துப் பிரித்தால், பேண்டு இருந்த இடத்தில் குறுக்கே பழுப்புக் கோடு. ரப்பரில் உள்ள கந்தகத்தின் வேலை அது. கொலுசு கறுப்பதும் கந்தகத்தால்தான். கறுக்காத அலுமினியத் தூளையும் பூசிப் பார்த்தேன், ஆனால் அது தகர டப்பாவின் வெளுப்பாக இருந்ததே தவிர நீராக இல்லை. ஆகவே வெள்ளியே போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

இனி ஷிரீனின் கருங்குதிரை ஷப்தீஸ் மட்டும் பாக்கி. ஓடையும் ஒருநாள் கறுத்து அதனுடன் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, குதிரைக்கான கறுப்பில் சிறிது பழுப்பைக் கலந்து வைத்திருக்கிறேன்.