பூட்டு இல்லாத கதவை வரைவது

கட்டடக்கலை மாணவர்களுக்கு நகரமைப்பு வரலாறு நடத்துவது என் வேலை. மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவின் கற்பனை நகரங்கள் என்றதும் பிள்ளைகளின் கண் நட்சத்திர வடிவங்களில்தான் போய் நிற்கும். இத்தாலிய சிற்பி ஃபிலரேத்தே 1460-களில் எழுதிவைத்த ஸ்ஃபோர்சிந்தா என்ற கற்பனை நகரம் அப்படிப்பட்டது. இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பி வைத்தால் எட்டு முனை வந்துவிடும். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் சில நிமிட வேலை.

நான் கொடுக்கும் பயிற்சி வேறு. ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் 1516-இல் வெளியிட்ட 'உட்டோப்பியா' ஒரு கற்பனைத் தீவு நாட்டைப் பற்றிய நூல். அதில் தலைநகர் அமௌரோட்டைப் பற்றிய பகுதியை மட்டும் படித்து வரையச் சொல்வேன். மலைச்சரிவில் ஆற்றையொட்டி, ஏறக்குறைய சதுரமான ஊர். 20 அடித் தெருக்கள். இருபுறமும் இடைவெளி இல்லாமல் மூன்று தள வீடுகள், மேலே மொட்டைமாடி. ஊரின் நான்கு பகுதிக்கும் நடுவில் ஒவ்வொரு சந்தை. இதுவரை கை தயங்காமல் ஓடும்.

வீட்டுக்குள் நுழையும்போதுதான் சிக்கல். தெருப்பக்கம் ஒரு வாசல், கொல்லையில் நீண்டு கிடக்கும் தோட்டத்துக்கு ஒரு வாசல். இரட்டைக் கதவு, கையால் தள்ளினால் திறந்து, தானாக மூடிக்கொள்ளும். பூட்டு, தாழ்ப்பாள் எதுவும் இல்லை. பத்து ஆண்டுக்கு ஒருமுறை குலுக்கல் போட்டு வீட்டையே மாற்றிக்கொள்வார்கள்.

கதவு அட்டவணையில் பூட்டுக்கான கட்டங்களில் எல்லாம் கோடு கிழித்த ஒரு மாணவி, "அப்ப பெட்ரூமை எங்க மேம் வைக்கிறது? யார் வேணா உள்ள வந்துடலாமே!" என்றாள். அன்றைய வகுப்பு முழுக்க அதிலேயே போனது. படுக்கையறை மாடிக்கு ஏறியது. 30 குடும்பங்களுக்கு ஒரு பொதுக்கூடத்தில் சாப்பாடு என்பதால் சமையலறை சுருங்கியது. கட்டடக்கலை தொடங்குவதே இந்த இடத்தில்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

வடிவம் மட்டும் ஊரை உண்டாக்காது என்பதற்குப் பால்மனோவா சாட்சி. வெனிஸ் குடியரசு 1593-இல் தொடங்கிய ஒன்பது முனைக் கோட்டை நகரம் அது. நடுவில் அறுகோணச் சதுக்கம். வரைபடமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. குடிவரத்தான் ஆளில்லை. 1622-இல் குற்றவாளிகளுக்கு மன்னிப்பு அளித்து, மனையும் கொடுத்து அழைக்க வேண்டியதாயிற்று.

மோரிடம் நான் அதிகம் மதிப்பது இன்னொன்று. ஊரின் அமைப்பை, அந்தக் கற்பனை நாட்டை நிறுவிய உட்டோபஸ் மன்னனே வகுத்தான். அதை அழகாக்குவதையும் மேம்படுத்துவதையும் பின்னால் வருபவர்களிடம் விட்டுவிட்டான், ஒரு மனிதனின் ஆயுள் அதற்குப் போதாது என்று. அவன் காலத்தில் இருந்தவை மண்சுவரும் வைக்கோல் கூரையுமான குடிசைகள். மூன்று தள வீடுகள் பிற்காலத்தார் கட்டியவை.

அதனால் இப்போது முதல் தாளில் குடிசை ஊரை மட்டும் வரையச் சொல்கிறேன். அந்தத் தாள் பக்கத்து மேசைக்குப் போகும். மீதியை அடுத்தவர் வரைய வேண்டும். தோட்டத்தைக் குறுக்கியது யார் என்று வாக்குவாதம் வரும். அந்த வாக்குவாதம் நடக்கும் வகுப்புகளில்தான் வரைபடங்களும் நன்றாக வருகின்றன.