வழக்குப் போட உங்களுக்கு உரிமை உண்டா? அமெரிக்க வேலையிடப் பாகுபாடு வழக்குகளில் முதல் சிக்கல்

அமெரிக்காவில் வேலையிடப் பாகுபாடு என்று வழக்குப் போட்டால், பாகுபாடு நடந்ததா இல்லையா என்ற பேச்சு பிறகுதான். இவர் வழக்குப் போடவே உரிமை உள்ளவரா என்பதிலேயே மடக்கப் பார்ப்பார் எதிர்த்தரப்பு வக்கீல்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1992 லூஹான் தீர்ப்பு மூன்றைக் கேட்கிறது: பாதிப்பு நிஜமாக இருக்க வேண்டும், பிரதிவாதியின் செயலால் வந்திருக்க வேண்டும், தீர்ப்பால் தீரக்கூடியதாக இருக்க வேண்டும். வேலை போனவருக்கும் சம்பளம் குறைந்தவருக்கும் இதில் கஷ்டமில்லை. இடறுவது பரிகாரத்தில், அதாவது நீதிமன்றத்திடம் என்ன கேட்கிறார் என்பதில். ஒவ்வொரு பரிகாரத்துக்கும் உரிமையைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். வேலையை விட்டவர் சம்பளப் பாக்கி கேட்கலாம். ‘பதவி உயர்வு முறையை மாற்றச் சொல்லுங்கள்’ என்று ஆணை கேட்டால், இனி உங்களுக்கு அதனால் என்ன என்பார் நீதிபதி. 2011 வால்மார்ட் வழக்கில் முன்னாள் ஊழியர்களுக்கு நேர்ந்தது இதுதான். மீண்டும் வேலையில் சேர்க்கும்படியும் மனுவில் கேட்டிருந்தால் வாதாட இடம் கிடைக்கும்.

‘பாதிக்கப்பட்டவர்’ வழக்குப் போடலாம் என்கிறது வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு. யார் அவர்? கென்டக்கியில் ஓர் எஃகு ஆலை. பெண் ஊழியர் ஒருவர் பாலினப் பாகுபாடு என்று புகார் கொடுத்தார். அது கம்பெனிக்குத் தெரிந்து மூன்று வாரத்தில், அதே ஆலையில் வேலை பார்த்த அவருடைய வருங்காலக் கணவருக்கு வேலை போனது. அவளைப் பழிவாங்கவே தன்னை நீக்கினார்கள் என்ற அவருடைய வழக்கு செல்லும் என்றது 2011 தாம்சன் தீர்ப்பு. ஆனால் பாகுபாட்டால் திறமையான ஊழியரை நீக்கியதில் பங்கு விலை சரிந்தது என்று பங்குதாரர் வர முடியாது. நஷ்டம் நிஜம்தான், அவரைக் காக்க எழுதிய சட்டமல்ல இது. என்னைக் கேட்டால், லூஹானைவிட இந்த எல்லைக்கோட்டைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

வழக்குக்கு முன் ஈஈஓசியில் (சம வேலைவாய்ப்பு ஆணையம்) புகார் தர 180 நாள். மாநிலத்திலோ ஊரிலோ இதற்கென்று சட்டமும் அமைப்பும் இருந்தால் 300. வழக்குப் போடலாம் என்ற கடிதம் வந்தபின் 90. இந்த நிபந்தனைகள் வேறு ரகம்: எதிர்த்தரப்பு உரிய நேரத்தில் ஆட்சேபிக்காவிட்டால் பிறகு கிளப்ப முடியாது. ஃபோர்ட் பெண்ட் வழக்கில், ஊழியர் ஆரம்பப் படிவத்தில் ‘மதம்’ என்று கையால் எழுதினார். முறையான புகாரில் அது ஏறவில்லை. நிர்வாகம் அந்தக் குறையைப் பல வருடம் கழித்துக் கிளப்பியது. காலம் கடந்துவிட்டது என்று நிர்வாகத்தின் ஆட்சேபம் தள்ளப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை உறுதிசெய்தது. லூஹான் கேட்கும் மூன்றைப் பற்றிய ஆட்சேபத்துக்கு இப்படிக் காலவரம்பு கிடையாது. அப்பீலிலும் கிளப்பலாம், நீதிபதியே கேட்கலாம்.

மத்திய அரசு ஊழியருக்கு இந்த 180, 300 பொருந்தாது. தன் துறையின் ஆலோசகரிடம் 45 நாளுக்குள் போக வேண்டும்.