பதினொரு நாளும் ஒரே வரி

வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை கேட்டுப் பழைய மாணவர் சங்கத்திலிருந்து கடிதம் வந்த அதே கிழமையில்தான், எங்கள் கணித ஆசிரியர் காலமான செய்தியும் ஊரிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தது. பத்தாம் ஆண்டில் அவரிடம் படித்தவர்களுக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. கரும்பலகையின் வலது மூலையில் 'வீழ்நாள் படாஅமை' (ஒரு நாளும் வீணாகாமல்) என்ற குறட்சொற்கள் ஆண்டு முழுவதும் அழிபடாமல் இருந்த வகுப்பறை அவருடையது.

பிரார்த்தனை முடிந்து வந்ததும் கொப்பியின் கடைசித் தாளில், அன்றைக்குச் செய்யப்போகும் ஒரு காரியத்தை ஒரே வரியில் எழுதவேண்டும். செய்து முடித்தால் மறுநாள் அதை வெட்டவேண்டும். "வெட்டக்கூடியதை எழுதுங்கோ" என்பார். 1990 இலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கு எரியும் ஒரு மணித்தியாலத்தில் எதைப் படிப்பதென்று முன்கூட்டியே தீர்மானிக்காத பிள்ளை, கொப்பியைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே திரி கருகிவிடும். அந்த ஒரு வரியின் பெறுமதி எங்களுக்கு எண்ணெய்க் கணக்கில்தான் விளங்கியது.

எனக்கு அது விளங்கப் பிந்தியது. 'கணிதம் படிப்பேன்' என்றே நாள்தோறும் எழுதிவந்தேன். ஒருநாள் கொப்பியை எடுத்துப் பார்த்தவர் என்னை எழுப்பி, "நேற்று எந்தக் கணக்குச் செய்தனீர்?" என்றார். பதில் இல்லை. "முந்தநாள்?" அதற்கும் இல்லை. அப்படியே ஒவ்வொரு நாளாகப் பின்னுக்குப் போய்ப் பதினொரு நாளையும் கேட்டு முடிக்கும்வரை வகுப்பே மூச்சுவிடாமல் இருந்தது. பிரம்பை அவர் தொடவில்லை. "உமக்குப் பதினொரு நாளும் ஒரே நாளாப் போட்டுது, தம்பி. இரும்" என்றார். மறுநாள் 'இருபடிச் சமன்பாடு, முதல் ஐந்து கணக்கு' என்று எழுதினேன். அதுவே நான் வெட்டிய முதல் வரி.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் வலிகாமப் பகுதியே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தை அண்டிய நெரிசலில் மழையில் நனைந்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றவரைக் கண்டேன். அந்த நிலையிலும், "இண்டைக்கு என்ன வரி?" என்று கேட்டார். "அம்மம்மாவைச் சாவகச்சேரி கொண்டுபோய்ச் சேர்க்கோணும், சேர்" என்றேன். என் தோளில் கைவைத்து, "சேர்த்துப்போட்டு வெட்டும்" என்றார். விடியும்போது சேர்த்துவிட்டேன். வெட்டக் கொப்பிதான் இல்லை, அது வீட்டோடு போயிற்று. அவரைப் பிறகு நான் காணவில்லை.

இந்நாட்டில் இரவு வேலை, பகல் உறக்கம், இரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் என்று ஆண்டுகள் போனாலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை; வீட்டுக்கடன், பல் வைத்தியர், மகளின் வயலின் வகுப்பு என எழுதியவற்றைப் பெரும்பாலும் வெட்டியே வந்திருக்கிறேன். செய்தி வந்த அன்று கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். 'சேருக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும்' என்ற வரி, வெட்டப்படாமல், பதினொரு நாளுக்கும் எத்தனையோ மடங்கு தடவை இருந்தது. எண்ணத் தொடங்கி இடையில் நிறுத்திவிட்டேன். ஊரைவிட்டு வந்தது சரியா என்று அதுவரை என்னை நான் கேட்டதில்லை.

நேற்று எழுதிய வரி, அவருடைய துணைவியாருடன் கதைப்பது. வேலைக்குப் புறப்படுமுன் எடுத்தேன். "எந்த வருசத்துப் பிள்ளை?" என்று கேட்டார். சொன்னேன். "கொப்பி எழுதுறனீரோ?" என்றார்.

"ஓம், ரீச்சர்" என்றேன்.